கூண்டைத் திறந்தால் போதுமா?

காப்பகத்தில் வளர்ந்த பறவையை விடுவித்தல் எளிது. அது காட்டில் நிலைத்து வாழ்தலே அரிது. ஹவாய்த் தீவுகளுக்கே உரிய ‘அலலா’ என்னும் காகத்தின் வரலாறு இதனை உணர்த்துகிறது.

பழங்களை உண்டு, விதைகளைப் பரப்பிக் காட்டை வளர்த்த இக்காகம் 2002ஆம் ஆண்டிற்குப்பின் காட்டில் காணப்படவில்லை. காப்பகப் பறவைகளே அவ்வினத்தின் எஞ்சிய நம்பிக்கையாயின.

2016 டிசம்பரில் ஐந்து இளங்காகங்கள் காட்டில் விடப்பட்டன. சில நாள்களிலேயே மூன்று மடிந்தன. அவற்றுள் இரண்டு, ஹவாய்ப் பருந்தின் தாக்குதலுக்கு உள்ளாகியிருந்தன. எஞ்சிய இரண்டும் காப்பகத்திற்கே மீட்டுக் கொண்டுவரப்பட்டன. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த அவை பகையை அறிந்திருக்கவில்லை. காட்டில் வாழ்ந்த முன்னோரிடம் மிகுந்திருந்த எச்சரிக்கைக் குரலும் காப்பகத் தலைமுறைகளிடம் அருகிவிட்டது.

எனவே, வளர்த்தவர்களே அவற்றுக்கு அச்சத்தைக் கற்பித்தனர். பருந்தைக் காட்டும்போதே காகங்களின் அபாயக் குரலை ஒலிக்கச் செய்தனர். இப்பயிற்சி பெற்ற 11 காகங்கள் 2017இல் விடப்பட்டன. தொடக்கத்தில் நன்கு வாழ்ந்தன. பின்னர் இறப்புகள் பெருகவே, 2020இல் எஞ்சியவை காப்பகத்திற்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டன. எனினும் முயற்சி கைவிடப்படவில்லை. அப்பருந்து வாழாத மௌயித் தீவில், 2024 நவம்பரில் ஐந்து காகங்கள் விடப்பட்டன.

உணவும் மருந்தும் உயிரைக் காக்கும். ஆனால், இரை தேடவும் பகையறிந்து விலகவும் கற்ற பறவைக்கே விடுதலை பயன் தரும். அக்கல்வியை அளித்த பின்னரே கூண்டைத் திறத்தல் வேண்டும்.