14 புள்ளிக்குள் ஓர் அணி

கூடைப்பந்துப் பருவம் நெருங்கும்போது ரசிகர்கள் புதிய வீரர்களையும் விறுவிறுப்பான ஆட்டங்களையும் எதிர்நோக்குவர். சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ரசிகர்களுக்கு மற்றுமோர் ஆவல் உண்டு: பயிற்சியாளர் எந்த ஐவரைச் சேர்த்துக் களமிறக்குவார்?

இவ்விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் உடலியக்கத் திறனுக்கேற்ப 1 முதல் 4.5 வரை புள்ளி வழங்கப்படுகிறது. முதுகை நிமிர்த்தித் தாங்க இயலாதவருக்கு 1. பாதிப்பு மிகக் குறைந்தவருக்கு 4.5. பன்னாட்டு விதிப்படி, களத்திலுள்ள ஐவரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டலாகாது. 4.5 பெற்ற இருவர் ஆடினால் மற்ற மூவருக்கு எஞ்சுவது 5 மட்டுமே. எனவே, திறன் மிக்க இருவரை இறக்க விரும்பும் பயிற்சியாளர், பாதிப்பு மிகுந்தவர்களைத் தேடியே ஆகவேண்டும். எதிரணியினரைத் தம் நாற்காலியால் மறித்து, சக வீரர் பந்தெறிய இடம் அமைத்துத் தருபவர்கள் பெரும்பாலும் அவர்களே. கூடையின் உயரம் இங்கும் 3.05 மீட்டர்தான்.

தண்டுவடக் காயத்திற்குப் பின், "இனி என்னால் யாருக்கு என்ன பயன்?" என்று பலர் கேட்கின்றனர். அவர்களை ஒருமுறை இவ்வாட்டத்தைக் காண அழைத்துச் செல்லுங்கள். மாதவி லதா 2014இல் சென்னையில் முன்னின்று தொடங்கிய இந்திய சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு தேசியப் போட்டிகளை நடத்தி வருகிறது. மண்ணூர்பேட்டை, பாடி, அம்பத்தூர்க் குடும்பங்களுக்குச் சென்னைக் களங்கள் தொலைவல்ல.

ஆட விரும்புவோர் முதலில் மறுவாழ்வு மருத்துவரிடம் தோள்மூட்டுகளையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பயிற்சி முடிந்ததும் பிட்டப் பகுதியைக் குடும்பத்தினர் பார்த்தல் அவசியம். தோல் சிவந்திருந்தால், அது முழுதும் மறையும்வரை ஆடலாகாது.