கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது



எங்க பெரியம்மா மகளுக்குப் பிறந்ததிலிருந்தே கண் பார்வை கிடையாது. பி.ஏ. முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாங்க. அதற்குப் பள்ளிப் பாடம் ரொம்ப முக்கியமாம். அதனால் என்னுடைய சமூக அறிவியல் குறிப்புகளைக் கேட்டாங்க. நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி நோட்டை 20 போட்டோ பிடித்து, ஒரே பி.டி.எஃப். ஆக்கி, அம்மா போனிலிருந்து அனுப்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்து அக்கா போன் பண்ணினாங்க. "ஏன்டி, பக்கம் 1, பக்கம் 2ன்னுதான் சொல்லுது. உள்ளே ஒண்ணுமே இல்லையே?" எனக்கு அழுகையே வந்துவிட்டது. பரீட்சைக்கு முன்னால் நாலு நாள் என்றால் சும்மாவா?

அக்கா போனில் டாக்பேக் என்று ஒன்று இருக்கிறது. விரல் வைத்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாய்விட்டுப் படிக்கும். கம்ப்யூட்டரில் இந்த வேலையைச் செய்வது என்.வி.டி.ஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் 2006-இல் தொடங்கினார், ஜேம்ஸ் டே என்பவரும் சேர்ந்துகொண்டார். இருவருக்குமே கண் பார்வை கிடையாது. காசு இல்லாமலே யாரும் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இவை எழுத்தைத்தான் படிக்கும், எழுத்தின் படத்தை அப்படியே படிக்காது. நாம் 'அ' என்று தட்டினால் கம்ப்யூட்டர் 2949 என்ற எண்ணைத்தான் சேமிக்கிறது. இதுதான் யூனிகோடு. அந்த எண்ணைப் பார்த்து "அ" என்று வாசிக்கும். என் போட்டோவிலோ வெறும் வண்ணப் புள்ளிகள். அதில் அ எங்கே, ஆ எங்கே? கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு: ஒரு சொல்லை விரலால் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அந்தச் சொல் மட்டும் தனியாகத் தேர்வானால் எழுத்து. ஒன்றும் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் படம்தான்.

எழுத்தாக இருந்தாலும் ஒரு கஷ்டம் உண்டு. அக்காவுக்கு வேறொருவர் கொடுத்த குறிப்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது. பார்த்தால் அழகான தமிழ். போன் படித்ததோ "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்"! அது என்ன தெரியுமா? 'தமிழ்'தான். பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருப்பார்கள். கண் ஏமாந்துவிடும், காது ஏமாறாது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய கோப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகளும் உண்டு. அக்கா அச்சுப் புத்தகத்துக்குப் போட்டுப் பார்த்தாங்க. துணைக்காலை 'ர' என்று நினைத்துக்கொண்டு 'பாடம்' என்பதைப் 'பரடம்' என்று படித்ததாம். அச்சுக்கே இப்படி என்றால் என் கோழிக்கிறுக்கலுக்கு என்ன ஆகும்!

கடைசியில் எல்லாவற்றையும் நானே தட்டச்சு செய்தேன். பள்ளிக் கம்ப்யூட்டரில் ஆசிரியர் இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தார். தலைப்பைத் தடிமனாக்கினால் மட்டும் போதாது, ஸ்டைல்ஸ் பகுதியில் 'ஹெட்டிங் 1' என்று வைக்க வேண்டும். அப்படி வைத்தால் என்.வி.டி.ஏ.வில் தலைப்பு தலைப்பாகத் தாண்டிப் போகலாம். நாம் பக்கத்தைப் புரட்டித் தேடுகிற மாதிரி. இல்லாவிட்டால் முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வரணும், பாவம்.

இன்னொன்று, படத்துக்கு 'ஆல்ட் டெக்ஸ்ட்' எழுதுவது. நீர்ச்சுழற்சிப் படத்துக்கு முதலில் 'படம்' என்று மட்டும் எழுதினேன். படம் என்றுதான் அவங்களுக்கே தெரியுமே! பிறகு 'கடல் நீர் ஆவியாகி மேகமாகிறது, மழையாகப் பெய்து ஆறாக ஓடி மறுபடி கடலுக்கு வருகிறது' என்று மாற்றினேன். 'சிவப்பில் உள்ளவை முக்கியம்' என்று எழுதியிருந்ததையும் அடித்துவிட்டு, வரிக்கு முன்னால் 'முக்கியம்' என்றே போட்டேன். நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கும் அது உதவும் என்று ஆசிரியர் சொன்னார்.

இதெல்லாம் நாம் செய்யும் தர்மம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 42-வது பிரிவு, அச்சிலும் மின்னணு வடிவிலும் வருவதெல்லாம் அவர்கள் அணுகும்படி இருக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. அக்கா அந்தப் பிரிவை மனப்பாடமாகவே வைத்திருக்காங்க.

இந்தச் சுவரில் ஒட்டும் தாளை அக்காவால் படிக்க முடியாது. அதனால் கையால் எழுதுவதற்கு முன்பே தட்டச்சு செய்து அனுப்பினேன். கேட்டுவிட்டு உடனே போன் வந்தது. "நடுவுல ஒரு இடத்துல பரடம்னு வருதே, தப்பா அடிச்சிட்டியா, இல்ல வேணும்னே போட்டியாடி?"

வேணும்னேதான் அக்கா!