தெரிந்த வழிக்கு எதற்கு மேப்?

"ஏன்டா, ஏழு வருஷமா போற ஆபீஸுக்கு எதுக்கு அந்தப் பொண்ணு வழி சொல்லிட்டு இருக்கா?"

ஒரு நாள் என்னோடு காரில் வந்த அப்பா கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். வீடு வேளச்சேரி, ஆபீஸ் சோழிங்கநல்லூர். பதினைந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிற தூரம். எந்த இடத்தில் ஸ்பீடு பிரேக்கர், எந்த சிக்னலில் ஆட்டோ திடீரென்று குறுக்கே வரும் என்பது வரை எனக்கு மனப்பாடம். ஆனாலும் சீட் பெல்ட் போட்டவுடன் அடுத்த வேலை மேப்பைத் திறந்து 'வேலை' என்கிற பட்டனை அழுத்துவதுதான்.

விசாரித்துப் பார்த்தால் ஆபீஸில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். தெரிந்த வழிக்கு மேப் போடுவது நல்லதா, கெட்டதா, இல்லை வெறும் பழக்கமா? இதைப் பற்றி சில வாரங்களாகப் படித்ததையும், எனக்கே நடந்த ஒன்றையும் சேர்த்து எழுதி வைத்த குறிப்பு இது.

செயற்கைக்கோளுக்கு டிராஃபிக் தெரியாது

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைத்துவிடலாம். மேலே இருந்து செயற்கைக்கோள் ரோட்டைப் பார்க்கிறது, எங்கே வண்டிகள் நிற்கின்றன என்று சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் உண்மையில் ஒரு பறக்கும் கடிகாரம். பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இப்படி முப்பது சொச்சம் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓயாமல் சொல்வது இரண்டே விஷயம்தான்: 'நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு.' அந்த சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று போன் கணக்குப் போடுகிறது. சிக்னல் ஒளியின் வேகத்தில் வருவதால், ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தப்பாகிவிடும். அதனால்தான் செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். நம் போனில் அவ்வளவு துல்லியமான கடிகாரம் கிடையாது. இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று செயற்கைக்கோள்கள், போன் கடிகாரத்தின் பிசகைச் சரிக்கட்ட நான்காவது ஒன்று என்று குறைந்தது நான்கு தேவைப்படுகின்றன.

இது ஒருவழிப் பாதை. வானொலி கேட்பது மாதிரி. நாம் கேட்கிறோம் என்பதே செயற்கைக்கோளுக்குத் தெரியாது. திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியமாக 'நீ இங்கே இருக்கிறாய்' என்பதற்கான தகவலைத் தருவதோடு அதன் வேலை முடிந்தது. தெரிந்த ரோட்டில் அந்தத் தகவலால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியும்!

அப்படியானால் ரோட்டைச் சிவப்பாகக் காட்டுவது யார்? மற்றவர்களின் போன்கள். முன்னால் போகிறவர்களின் போன்கள் தாங்கள் இருக்கும் இடத்தையும் வேகத்தையும் அனுப்புகின்றன. வழக்கமாக நாற்பதில் போகிற இடத்தில் எல்லாப் போன்களும் ஐந்தில் ஊர்ந்தால் அது நெரிசல். 2020இல் சைமன் வெக்கர்ட் என்ற ஜெர்மன் கலைஞர் இதை வேடிக்கையாக நிரூபித்துக் காட்டினார். 99 போன்களை ஒரு சின்னக் கைவண்டியில் போட்டு பெர்லின் தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். காலியாக இருந்த தெரு கூகுள் மேப்பில் சிவப்பாக மாறியது.

இந்த வேகங்களோடு, போன வாரங்களில் இதே கிழமை இதே நேரத்தில் எப்படி இருந்தது என்ற பழைய கணக்கையும் சேர்த்துத்தான் '8:50க்குப் போய்ச் சேருவீர்கள்' என்கிறது.

ஆக, தெரிந்த பாதையில் மேப் பதில் சொல்வது 'எப்படிப் போவது?' என்ற கேள்விக்கு இல்லை. 'இன்னைக்கு எப்படி இருக்கு?' என்ற கேள்விக்கு. எனக்கு மூன்று வழிகள் உண்டு. தரமணி இணைப்புச் சாலையில் போய் ஓஎம்ஆரைப் பிடிக்கலாம். பள்ளிக்கரணை போய் ரேடியல் சாலையில் துரைப்பாக்கத்துக்குத் திரும்பலாம். இல்லையென்றால் மேடவாக்கம் போய், பெரும்பாக்கம் வழியாக சோழிங்கநல்லூர். மூன்றும் எனக்குத் தெரியும். மெட்ரோ வேலைக்காக இன்றைக்கு எங்கே தடுப்பு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அப்பாவின் கேள்விக்கு என் முதல் பதில் இதுதான், அது சரியான பதிலும்கூட.

ஐந்து நிமிஷ ஆசை

ஆனால் இந்த யோசனை எனக்கு மட்டும் சொல்லப்படுவதில்லை. மெயின் ரோடு சிவப்பானவுடன், பக்கத்துத் தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிஷம் மிச்சம் என்று நூறு பேருக்குச் சொன்னால், அந்தத் தெரு என்ன ஆகும்? குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிற, தண்ணீர் லாரி நின்றாலே அடைத்துக்கொள்கிற தெருவில் கார்கள் வரிசை கட்டும்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் லியோனியா என்ற சிற்றூர் இந்தத் தொல்லை தாங்காமல், 2018 ஜனவரியில் காலை மாலை நெரிசல் நேரத்தில் சுமார் 60 தெருக்களை வெளியூர் வண்டிகளுக்கு மூடியது. நியூயார்க் போகிற பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் அது. போன் சொன்ன குறுக்கு வழியெல்லாம் அந்த ஊர் வழியாகத்தான் போனது.

ஒவ்வொருவரும் தனக்கு நல்ல வழியைத் தேர்ந்தெடுத்தால் எல்லோருக்கும் நல்லது நடக்கும் என்று தோன்றும். அது எப்போதும் உண்மையில்லை என்று டீட்ரிச் பிரேஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞர் 1968லேயே காட்டிவிட்டார். சில சமயம் புதிதாக ஒரு ரோடு போட்டாலும் எல்லோருக்கும் தாமதம் கூடும், ஏனென்றால் எல்லோரும் அதில் போய் விழுவார்கள். குறுக்குச் சந்தில் நுழைந்து, வெளியே வருகிற முனையில் பத்து நிமிஷம் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம்.

மூளையில் என்ன நடக்கிறது

மேப்பைப் பார்த்துப் பார்த்து வழியே மறந்துபோகும் என்று அடிக்கடி சொல்கிறார்கள். எவ்வளவு தூரம் உண்மை?

லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்ட வேண்டுமென்றால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாகத் தெரிந்து வைத்துத் தேர்வு எழுத வேண்டும். எலினோர் மக்வாயர் என்ற விஞ்ஞானி அந்த ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் செய்து 2000இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஹிப்போகாம்பஸ் என்கிற பகுதியின் பின்பக்கம் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே அப்படிப்பட்டவர்கள்தான் டாக்ஸி ஓட்ட வருகிறார்களோ என்ற சந்தேகம் வருமில்லையா? அதற்காக 79 பயிற்சியாளர்களைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சோதித்து 2011இல் இன்னோர் ஆய்வு வந்தது. தேர்வில் தேறிய 39 பேருக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது.

2017இல் லண்டனின் சோஹோ பகுதியை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. 24 பேர். தாங்களே வழி யோசித்துப் போனபோது, புதுத் தெருவுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் ஹிப்போகாம்பஸ் சுறுசுறுப்பானது. எத்தனை தெருக்கள் பிரிகின்றனவோ அதற்கேற்ப வேலை கூடியது. 'இடது பக்கம் திரும்பு' என்று கருவி சொல்லிக் கேட்டுப் போனபோது அந்தச் சுறுசுறுப்பு இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தினமும் போகிற வழியில் மேப் இல்லாவிட்டாலும் ஹிப்போகாம்பஸ் பெரிதாக வேலை செய்வதில்லை. பழகிய தடத்தில் போகும்போது காடேட் என்கிற வேறொரு பகுதி பொறுப்பெடுத்துக்கொள்கிறது என்று 2003இல் வந்த லண்டன் ஆய்வு ஒன்று சொல்கிறது. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு 'எப்படி வந்தோம்?' என்றே நினைவில்லாமல் இருக்கிறதே, அந்தப் பழக்கம்தான்.

அதனால் தெரிந்த பாதைக்கு மேப் போட்டால் அந்தப் பாதை மறந்துவிடாது. நஷ்டம் வேறு இடத்தில். வழக்கமான ரோடு அடைபட்டு மாற்று வழியில் போக நேர்கிற அந்த ஒரு நாள்தான் மூளைக்குப் பாடம் நடக்கிற நாள். 'இது எங்கே போய்ச் சேரும்? கடல் எந்தப் பக்கம்?' என்று யோசிக்கிற நாள். அன்றைக்குப் போன் யோசித்துவிடுகிறது. நாம் ஸ்டீயரிங்கை மட்டும் திருப்புகிறோம். மாற்று வழியில் பத்து முறை போயிருப்போம், ஆனால் அது நமக்குத் தெரியாது.

கனடாவில் லூயிசா தஹ்மானியும் வெரோனிக் போபோட்டும் 2020இல் வெளியிட்ட ஆய்வையும் இங்கே சேர்க்க வேண்டும். ஜிபிஎஸ்ஸை அதிகம் நம்பியவர்களுக்கு, சொந்தமாக வழி கண்டுபிடிக்கும் நினைவாற்றல் குறைவாக இருந்தது. மூன்று வருஷம் கழித்து மறுபடி சோதித்தபோது, அதிகம் பயன்படுத்தியவர்களுக்கு அது இன்னும் வேகமாகக் குறைந்திருந்தது. மறுசோதனைக்கு வந்தவர்கள் 13 பேர்தான், அதனால் இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் எனக்கு நடந்ததோடு பொருந்திப் போகிறது.

அந்த மழை நாள்

ஒரு டிசம்பர் மழை. அப்பாவுக்கு சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு வேலை, முடித்துவிட்டு என்னோடு திரும்பி வருவதாக ஏற்பாடு. சாயங்காலம் கிளம்பும்போது போனில் சிக்னல் சுத்தமாக இல்லை. மேப்பில் பழைய நீலக் கோடு அப்படியே உறைந்து நின்றது, மேடவாக்கம் பக்கமாக. நானும் அந்தப் பக்கமே இண்டிகேட்டர் போட்டேன்.

"வேணாம்பா. பள்ளிக்கரணை சதுப்பு நிலம். சுத்துப்பட்டுத் தண்ணியெல்லாம் அங்கதான் வந்து சேரும். கடல் பக்கம் திருப்பு" என்றார் அப்பா.

"அந்தப் பக்கம் எங்கப்பா போறது?"

"அக்கரை போயி ஈசிஆரைப் பிடி. அது மணல் மேடு. தண்ணி நிக்காது."

திரும்பினேன். கால்வாய்ப் பாலம் ஏறி இறங்கியதும்தான் உறைத்தது, இந்த வழியில் நான் ஏற்கனவே ஐந்தாறு முறை போயிருக்கிறேன்! ஓஎம்ஆர் அடைத்துக்கொண்ட நாட்களில் மேப் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் அப்படி ஒரு வழி இருப்பதே என் தலையில் இல்லை. கார் ஓட்டத் தெரியாத, அந்தக் காலத்தில் சைக்கிளில் சுற்றிய அப்பாவின் தலையில் மேடு பள்ளத்தோடு மொத்த மேப்பும் இருந்தது.

அன்று ராத்திரி வேளச்சேரிக்குள் போக முடியவில்லை. திருவான்மியூரில் அத்தை வீட்டில் தங்கினோம். பள்ளிக்கரணைப் பக்கம் போன ஆபீஸ் நண்பர் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் காரை விட்டுவிட்டு நடந்தார்.

மழை நாளில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நெரிசல் தகவல் வருவது போன்களிலிருந்து. தண்ணீர் தேங்கி யாருமே போகாத ரோட்டில் போன் இல்லை, போன் இல்லாத இடத்தில் நெரிசலும் தெரியாது. யாராவது தகவல் கொடுத்து ரோடு மூடியிருப்பதாகக் குறித்தால்தான் உண்டு. மழையில் சிவப்பு இல்லாத ரோடு நல்ல ரோடு என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

இப்போது நான் செய்வது

மேப்பை விட்டுவிடவில்லை. பயன்படுத்தும் விதத்தை மாற்றிக்கொண்டேன்.

கிளம்பும் முன், வண்டி நிற்கும்போதே, மூன்று வழிகளையும் மொத்தமாக ஒரு முறை பார்க்கிறேன். எது என்று முடிவு செய்துவிட்டுக் குரலை அணைத்துவிடுகிறேன். போய்ச் சேரும் நேரம் மட்டும் திரையில் இருக்கும், வீட்டுக்குச் சொல்ல அது போதும். ஐந்து நிமிஷத்துக்குள் வித்தியாசம் என்றால் மெயின் ரோட்டிலேயே போகிறேன். அடுத்தவர் வீட்டு வாசலில் ஹாரன் அடித்து அந்த ஐந்து நிமிஷத்தைச் சம்பாதிக்க வேண்டாம். புது மாற்று வழியில் போன நாளில், ராத்திரி வடக்கு மேலே இருக்கும்படி மேப்பைத் திருப்பி வைத்து, எங்கே பிரிந்தோம், எங்கே வந்து சேர்ந்தோம் என்று ஒரு நிமிஷம் பார்க்கிறேன். நம் ஏரியா மேப்பைப் போனில் இறக்கியும் வைத்திருக்கிறேன். சிக்னல் போனாலும் ரோடாவது தெரியும். டிராஃபிக் தெரியாது, அதற்கு அப்பா இருக்கிறார்.

நீங்களும் இன்றைக்கு ஒன்று செய்து பாருங்கள். ஒரு பேப்பரை எடுத்து, போனைத் தொடாமல், உங்கள் வீட்டிலிருந்து ஆபீஸுக்கு மூன்று வழிகளை வரையுங்கள். முதல் வழி சுலபமாக வந்துவிடும். மூன்றாவதை வரையும்போது பேனா எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் வழியாக, மேப் போடாமல், ஒரு முறை போய்விட்டு வாருங்கள்.