அளக்கும் சில்லும் அசையாத மின்னழுத்தமும்

சென்ற ஆண்டு எங்கள் விடுதியில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அதில் குற்றவாளி நானே. ஆகவே யாரும் வருந்த இடமில்லை.

படிப்பின் ஒரு பகுதியாக நான் ஒரு நீர்மட்டக் கருவி செய்தேன். விடுதியின் மேல்நிலைத் தொட்டியின் அடியில் ஒரு சிலிக்கன் அமுக்கமானியைப் பொருத்தினேன். ஒரு மீட்டர் உயரமுள்ள நீர் தன் அடியில் ஏறக்குறைய 9.8 கிலோபாஸ்கல் அமுக்கத்தைத் தருகிறது. ஆதலின் அமுக்கத்தை அளந்தால் நீரின் உயரம் தெரிந்துவிடும். கருவி மணிக்கு மணி என் கணிப்பொறியில் கணக்கு எழுதியது. ஒரு வாரத்தில் ஒரு விந்தை தென்பட்டது. மாலை ஏழு மணிக்கு நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு சாண் இறங்கும். இரவு பதினொரு மணிக்கு மேல் தானே ஏறிவிடும்!

மோட்டார் போடும் பெரியவர் யாருக்கோ நீரைத் திருப்பிவிட்டுப் பிறகு ஏற்றிச் சரிக்கட்டுகிறார் என்று நான் முடிவு கட்டினேன். வரைபடமும் கையுமாக விடுதி அலுவலகத்திற்குப் போனேன். பெரியவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இருபது ஆண்டுகளாக அங்கே வேலை பார்த்தவர். அவர் வாதாடவில்லை. மறுநாள் மாலை தொட்டியின் வால்வை மூடிவிட்டு, ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு, என்னையும் மேலே அழைத்துச் சென்றார். ஆறு மணிக்கு ஒரு முறை கழியை நட்டு எடுத்தார். ஏழரைக்கு ஒரு முறை நட்டு எடுத்தார். இரண்டு முறையும் ஈரக்கோடு இரண்டு மீட்டரில் நின்றது. ஏழரை மணிக்கு என் கருவியோ 1.8 மீட்டர் என்று காட்டியது. நான் தலை குனிந்தேன்.

மூங்கில் கழி மெய் சொல்ல, சிலிக்கன் ஏன் பொய் சொல்லிற்று? இக்கேள்விக்கு விடை தேடியபோதுதான் இருபதாம் நூற்றாண்டின் இரண்டு அரிய கண்டுபிடிப்புகளின் வரலாறு எனக்குப் புலனாயிற்று. அவற்றையே இங்கு காண்போம்.

கல்லுக்குள் உணர்ச்சி

ஓர் உலோகக் கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறுகிறது என்பதை 1856-இல் கெல்வின் பிரபு கண்டார். கம்பி நீள்கிறது, மெலிகிறது. ஆகவே தடை கூடுகிறது. ஆனால் மாற்றம் மிகச் சிறிது. நீளம் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினால், தடை ஆயிரத்தில் ஏறக்குறைய இரண்டு பங்கே கூடும்.

1954-இல் சார்லஸ் ஸ்மித் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜெர்மானியத்தையும் சிலிக்கனையும் இவ்வாறு சோதித்தார். விளைவு வியப்பூட்டியது. சிலிக்கனில் இந்த மாற்றம் உலோகத்தைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேல் இருந்தது. உருவம் மாறுவது மட்டும் இதற்குக் காரணமன்று. படிகத்தை நெருக்கினாலும் இழுத்தாலும் அதனுள் எலெக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளே இடம் மாறுகின்றன. அவை ஓடும் எளிமையும் மாறிவிடுகிறது. வெளிப்பார்வைக்குக் கல் போன்ற பொருள், உள்ளே தொட்டாற்சிணுங்கி!

1982-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய கர்ட் பீட்டர்சன், சிலிக்கன் மின்னணுச் சுற்றுக்கு மட்டுமன்றி இயந்திர வேலைக்கும் ஏற்ற பொருள் என்பதை விளக்கி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நுண்ணிய சிலிக்கன் உணரிகளின் துறைக்கு அது ஒரு வழிகாட்டி நூல் போல் ஆயிற்று. சாதாரண வெப்பத்தில் ஒற்றைப் படிகச் சிலிக்கன் உலோகத்தைப்போல் வளைந்து கிடக்காது. விசையை நீக்கியதும் பழைய நிலைக்கே மீளும். எல்லை மீறினால் உடையுமேயன்றி நெளியாது. அளவு கருவிக்கு இதைவிட நல்ல குணம் வேறென்ன வேண்டும்?

அமுக்கமானி செய்யும் முறையும் சுவையானது. சிலிக்கன் தகட்டின் ஒரு பக்கத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடுக் கரைசலில் அரிக்கவிடுகிறார்கள். கரைசல் படிகத்தின் சில தளங்களை விரைவாகத் தின்னும். சில தளங்களை மிக மெதுவாகவே தின்னும். ஆகையால் உளி வைத்துச் செதுக்கியதுபோல், 54.7 டிகிரி சாய்வுள்ள சுவர்களுடன் ஒரு குழி தானே உருவாகிறது. குழியின் அடியில் எஞ்சுவது மெல்லிய சவ்வு. தலைமயிரின் பருமனுக்கும் குறைவாக அதைச் செய்ய முடியும். அதன்மேல் நான்கு மின்தடைகளை அமைத்து வீட்ஸ்டன் பாலமாக இணைக்கிறார்கள். அமுக்கத்தால் சவ்வு வளையும்போது இரண்டு தடைகள் கூடுகின்றன, இரண்டு குறைகின்றன. பாலம் சமநிலை இழந்து சில மில்லிவோல்ட் தருகிறது.

வீட்ஸ்டன் பாலத்தை நாம் எல்லோரும் ஆய்வுகூடத்தில் கையாண்டிருக்கிறோம். அங்கே முள் பூச்சியத்தில் நிற்கும்வரை தடையைச் சரிசெய்வோம். பூச்சியத்தைத் தேடும் வரையில், பாட்டரி இரண்டு வோல்ட் தந்தாலும் ஒன்றரை வோல்ட் தந்தாலும் விடை ஒன்றே. ஆனால் அமுக்கமானியில் நாம் பாலத்தைச் சமன் செய்வதில்லை. சமநிலை எவ்வளவு கெட்டது என்பதையே படிக்கிறோம். அந்த அளவு, பாலத்திற்கு ஊட்டும் மின்னழுத்தத்திற்கு நேர் விகிதத்தில் இருக்கும். ஊட்டும் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அளவும் பத்தில் ஒரு பங்கு குறையும்.

என் கருவியில் நேர்ந்தது இதுதான். மாலையில் விடுதி முழுதும் விளக்கு எரியத் தொடங்கியதும் 230 வோல்ட் 207-ஆக இறங்கியது. பாலத்திற்கு நான் மின்சாரம் ஊட்டியது ஒரு மின்மாற்றி, சில டையோடுகள், ஒரு மின்தேக்கி ஆகியவற்றால். சீராக்கி வைக்கவில்லை, "இது போதும்" என்று விட்டுவிட்டேன். பாலம் தந்த மில்லிவோல்ட்டை எண்ணாக மாற்றிய சில்லோ தனக்கென நிலையான அழுத்தம் உடையது. ஆகவே இரண்டு மீட்டர் நீர் 1.8 மீட்டராகிவிட்டது. இறங்கியது நீரன்று, மின்னழுத்தம்.

மதகும் அளவுகோலும்

மின்னழுத்தச் சீராக்கி எப்படி வேலை செய்கிறது? ஏரி மதகை எண்ணிப் பாருங்கள். வாய்க்காலில் நீர் எப்போதும் ஒரே உயரத்தில் ஓட வேண்டும். அதற்கு மூன்று வேண்டும்: வாய்க்காலில் நட்ட அளவுகோல், அதை நோக்கும் காவல்காரன், அவன் ஏற்றி இறக்கும் மதகுப் பலகை. நீர் கோட்டுக்குக் கீழே போனால் பலகையைத் தூக்குவான். மேலே வந்தால் இறக்குவான். சீராக்கியில் மதகுப் பலகையின் வேலையை ஒரு டிரான்சிஸ்டர் செய்கிறது. காவல்காரன் ஒரு பெருக்கி. அளவுகோல்தான் ஆதார மின்னழுத்தம்.

மதகும் காவலும் எவ்வளவு திறமையாக இருந்தாலும், அளவுகோல் வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கினால் பயன் என்ன? காவல்காரன் பிழையான கோட்டையே உண்மையாகக் காத்து நிற்பான். ஆகவே சீராக்கியின் உயிர் அந்த ஆதார அழுத்தத்தில் இருக்கிறது.

தொடக்கத்தில் இதற்கு ஸீனர் டையோடு பயன்பட்டது. மின்புலம் மிகும்போது மின்காப்புப் பொருள்கள் தம் காப்பை இழப்பது எவ்வாறு என்பது பற்றி 1934-இல் கோட்பாடு தந்த கிளாரன்ஸ் ஸீனரின் பெயரே அதற்கு வழங்குகிறது. ஆனால் நல்ல நிலைப்புள்ள டையோடுகளுக்கு ஆறு வோல்ட்டுக்கு மேல் வேண்டியிருந்தது. கணிப்பொறிச் சுற்றுகளோ ஐந்து வோல்ட்டில் ஓடின. ஆறு முழக் கோலை ஐந்து முழக் கிணற்றில் நிறுத்துவது எப்படி?

இரண்டு குறைகள், ஒரு நிறை

சிலிக்கன் தொட்டாற்சிணுங்கி என்றேன். அமுக்கத்திற்கு மட்டுமா? வெப்பத்திற்கும் அது சிணுங்கும். ஒரு சிலிக்கன் டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கும் உமிழிக்கும் இடையே உள்ள அழுத்தம் அறை வெப்பத்தில் ஏறக்குறைய 0.6 வோல்ட். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அது ஏறக்குறைய இரண்டு மில்லிவோல்ட் குறைகிறது. சுற்று அமைப்போருக்கு இது தீராத தலைவலி.

இன்னொரு குணமும் உண்டு. ஒரே மாதிரியான இரண்டு டிரான்சிஸ்டர்களில், ஒன்றில் மற்றதைப்போல் பத்து மடங்கு மின்னோட்டம் செலுத்தினால், அவற்றின் அழுத்தங்களுக்கிடையே ஒரு வேறுபாடு தோன்றும். அறை வெப்பத்தில் அது ஏறக்குறைய 60 மில்லிவோல்ட். வெப்பம் ஏறினால் இந்த வேறுபாடு கூடுகிறது, டிகிரிக்கு 0.2 மில்லிவோல்ட். இதுவும் ஒரு குறையே.

இப்போது இரண்டாவது குறையைப் பத்து மடங்கு பெருக்குங்கள். 60 மில்லிவோல்ட் 0.6 வோல்ட்டாகும்; டிகிரிக்கு இரண்டு மில்லிவோல்ட் ஏறும். முதல் குறையோ டிகிரிக்கு இரண்டு மில்லிவோல்ட் இறங்குவது. இரண்டையும் கூட்டினால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. எஞ்சுவது ஏறக்குறைய 1.2 வோல்ட், வெப்பம் ஏறினும் இறங்கினும் பெரிதும் அசையாதது. அது நாம் தேர்ந்தெடுத்த எண்ணன்று. சிலிக்கன் படிகத்தில் எலெக்ட்ரான் கட்டிலிருந்து விடுபடத் தாண்டவேண்டிய ஆற்றல் இடைவெளியே 1.2 வோல்ட்டாக வெளிப்படுகிறது. இயற்கை தானே நட்டுவைத்த அளவுகோல் அது!

இக்கருத்தை 1964-இல் டேவிட் ஹில்பைபர் வெளியிட்டார். அதைச் சில்லுக்குள் அடக்கி உலகம் பயன்படுத்தும் பொருளாக்கியவர் ராபர்ட் விட்லர். மூன்றே கால்கள் உடைய எல்.எம். 109 என்னும் அவருடைய ஐந்து வோல்ட் சீராக்கியில் இந்த ஆதாரம் இருந்தது. அதைப் பற்றிய அவர் கட்டுரை 1971-இல் வெளிவந்தது. 1974-இல் பால் புரோக்கா இதற்கு இன்னும் எளிய, திருத்தமான ஓர் அமைப்பைத் தந்தார்.

விட்லர் விசித்திரமான மனிதர். அவர் வேலை பார்த்த நிறுவனம் சிக்கனம் கருதிப் புல்வெட்டும் செலவைக் குறைத்தபோது, ஒரு செம்மறியாட்டைக் கொண்டுவந்து நிறுவன முற்றத்தில் மேயவிட்டார் என்பது பிரசித்தம். ஆனால் வேலையில் அவர் விளையாடவில்லை. அந்தச் சீராக்கி அளவுக்கு மீறிச் சூடேறினால் தானே அதை உணர்ந்து மின்னோட்டத்தை அடக்கிக்கொள்ளும். வெப்பத்தால் அழுத்தம் குறையும் அதே குறைதான் அங்கே வெப்பமானியாக நின்று சில்லைக் காக்கிறது.

சிலிக்கன் சீப்பு

உணரியும் நிலையான ஆதார அழுத்தமும் ஒரே சில்லில் குடியேறியதற்கு ஓர் உதாரணம் காட்டலாம். 1991-இல் அனலாக் டிவைசஸ் நிறுவனம் அறிவித்த முடுக்கமானி, மோட்டார் கார்களின் காற்றுப்பைகளுக்காகப் பிறந்தது. அதன் நடுவே நுண்ணிய சிலிக்கன் விற்களில் தொங்கும் ஒரு சீப்பு. எடை ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு. அதன் பற்களுக்கு இடையிடையே அசையாத பற்கள். கார் எதிலேனும் மோதி வேகம் சட்டென்று குறைந்தால் தொங்கும் சீப்பு சற்றே நகரும்; பற்களுக்கிடையே உள்ள மின்தேக்கத்திறன் மாறும். அந்த மாற்றத்தை அளக்கும் சுற்றும், ஆதார அழுத்தமும் அதே சில்லில் உண்டு.

கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் அச்சில்லு தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆதாரம் வழுவினால், மேடு பள்ளத்தில் குலுங்கியதற்கே பை விரிந்து ஓட்டுபவரைத் திகைக்க வைக்கும். அல்லது மெய்யாகவே மோதியபோது விரியாமல் கிடக்கும். என் தொட்டியில் ஒரு சாண் பிழை ஒரு பெரியவரின் நற்பெயரைத் தொட்டது. அங்கே அதே விகிதப் பிழை உயிரைத் தொடும். இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியிலும் இத்தகைய முடுக்கமானி உண்டு. அதற்குத் துணையாகச் சீராக்கிகளும் உண்டு. முன்னதைப் பலர் அறிவர். பின்னதை நினைப்பவர் சிலரே.

முடிவுரை

என் கருவியை எப்படித் திருத்தினேன் என்று கேட்பீர்கள். 7805 என்ற எண்ணுள்ள மூன்று கால் சீராக்கி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். தேநீர்க் கடையில் நண்பர்களுடன் ஒரு மாலை உட்கார்ந்தால் ஆகும் செலவுகூட ஆகவில்லை. மாலை ஏழு மணிப் பள்ளம் மறைந்தது. வேறொரு வழியும் உண்டு. பாலத்திற்கும், அதன் விடையை எண்ணாக மாற்றும் சில்லுக்கும் ஒரே ஆதாரத்தைக் கொடுத்துவிட்டால், அது ஆடினாலும் இரண்டும் சேர்ந்தே ஆடும், விகிதம் மாறாது. இங்கும் குறையைக் குறை கொண்டே ஈடுசெய்கிறோம்.

புதிய வரைபடத்தை எடுத்துக்கொண்டு முதலில் அலுவலகத்திற்குப் போய் என் பிழையை எழுதிக் கொடுத்தேன். பிறகு பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கழியைத் துடைத்து மூலையில் சாத்திவிட்டு, வாரம் ஒரு முறை வந்து இதையும் நட்டுப் பார் என்று தம் மொழியில் சொன்னார். அப்படியே செய்துவருகிறேன்.

ஆய்வுகூடத்தில் எண் ஒன்று கிடைத்ததும் அதை ஏட்டில் எழுதிவிட்டு எழுந்துபோவது நம் வழக்கம். இனி ஒரு நொடி நின்று, "இந்த எண் எதன்மேல் நிற்கிறது?" என்று கேட்டுப் பார்ப்போம். கருவியைக் காட்டி ஒரு மனிதர்மேல் குறை சொல்லப் புறப்படும்போது, அக்கேள்வியை இரண்டு முறை கேட்போம்.