வேலியோரத்துத் தையல்சிட்டுகள்

காஜாங் தாமான் வீடுகளின் வேலியோரமாகக் காலையில் ‘சுவிட், சுவிட்’ என்று விடாமல் கத்துவது தையல்சிட்டு. 10 கிராம்கூட எடை இராத குருவிக்கு அவ்வளவு பெரிய குரல்!

நம் வட்டாரத்தில் இதில் பரவலாகக் காணக்கூடியவை இரண்டு இனங்கள். சாதாரணத் தையல்சிட்டுக்கு வீட்டுத் தோட்டமே போதும். கருங்கழுத்துத் தையல்சிட்டுக்குக் கொஞ்சம் காடு வேண்டும். உலு லங்காட் பக்கம் புதர் மண்டிய காட்டோரங்களில் தேடலாம். (சாம்பல் உடலும் செம்பழுப்பு முகமும் கொண்ட இன்னோர் இனத்தைக் காண, பெரும்பாலும் கடலோர அலையாத்திக் காடுகளுக்குப் போக வேண்டும்.)

இரண்டுக்குமே முதுகு பச்சை, தலையில் செம்பழுப்பு, வால் நிமிர்ந்திருக்கும். கழுத்துக் கறுப்பை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். சாதாரணச் சிட்டு கத்தும்போது தொண்டை விரிந்து, இறகுகளுக்கு நடுவே கருந்தோல் தெரியும். கருங்கழுத்து இனத்திலோ ஆணுக்குத்தான் தொண்டை கறுப்பு, பெண்ணுக்கு வெளிறியிருக்கும். ஆகவே வாலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் கருங்கழுத்து, வெளிறிய வெள்ளையாக இருந்தால் சாதாரணம். இலை மறைத்தால் காது கைகொடுக்கும்: கருங்கழுத்தின் குரல் மூக்கால் இழுக்கும் ‘க்ரி-ரி-ரி’.

கூடு கட்டும் கலை இரண்டுக்கும் பொது. பெரிய இலை ஒன்றைச் சுருட்டியோ, பக்கத்து இலைகளைச் சேர்த்தோ, ஓரத்தில் அலகால் துளையிடும். சிலந்தி நூலையும் பஞ்சையும் அந்தத் துளை வழியே இழுக்கும். முடிச்சு கிடையாது, வெளிப்பக்கம் பஞ்சு பிரிந்து புடைத்துக்கொள்வதால் இழை நழுவாது. துளைகள் மிகச் சிறியவை என்பதால் இலை வாடுவதில்லை, பச்சை இலைகளோடு பச்சையாகவே கூடு மறைந்துவிடும். இப்படித் தைத்த இலைப் பையின் உள்ளேதான் மெத்தென்ற கூடு இருக்கிறது. பாம்பின் கண்ணுக்கே தப்பக்கூடிய இந்த மறைப்பு, சின்னக் குயில் ஒன்றிடம் தோற்றுவிடுவதுண்டு. சாம்பல் தலையும் ஆரஞ்சு கலந்த செம்பழுப்பு வயிறும் கொண்ட அந்தக் குயில் தன் முட்டையைத் தையல்சிட்டின் கூட்டில் இட்டுப் போகும். பிறகு தன்னைவிடப் பெரிய குஞ்சுக்குச் சிட்டு புழு தேடி அலையும்.

சாதாரணச் சிட்டு சுமார் 12 நாள் அடைகாக்கும். பொரித்தபின் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குஞ்சுகள் பறந்துவிடும். பூச்செடியில் தைத்த இலை தென்பட்டால், கிளை வெட்டும் வேலையை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.