பஸோதோ மலைநாட்டின் முதுசொம்

தென்னாப்பிரிக்காவின் தேசப்படத்தை வகுப்பில் மாட்டினால், கூர்மையான கண்ணுள்ள பையன் ஒருவனாவது எழுந்து, "இதென்ன ஸார், நடுவில் ஓர் ஓட்டை?" என்று கேட்காமல் இரான். அது ஓட்டையன்று, தனி ராஜ்யம். லெஸோதோ என்று எழுதுகிறார்கள். 'லெஸூட்டு' என்பதுபோல் உச்சரிக்கிறார்கள். நாற்புறமும் ஒரே அந்நிய தேசம் சூழ்ந்திருக்க, சுமார் 30,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், இருபது லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட ஜனங்கள் அங்கே வாழ்கிறார்கள். நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டர் உயரம் என்றால், உயர்ந்த இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்நாட்டார் ஒருவரானால் மொஸோதோ, பலரானால் பஸோதோ, அவர்கள் பேசும் மொழி ஸெஸோதோ. சொல்லின் தலையை மாற்றிப் பொருளை மாற்றும் இந்த இலக்கணம் இலக்கண ஆசிரியர்களுக்கு நல்விருந்து.

இந்த ஜனசமூகத்தை ஒன்றுதிரட்டியவர் முதலாம் மொஷ்வெஷ்வே மன்னர். கத்தி மயிரைச் சிரைக்கும் ஓசையே அப்பெயர். எதிரியின் மந்தையை, தாடி சிரைப்பதுபோல் சுத்தமாகக் கவர்ந்து வந்ததால் வாலிபப் பருவத்தில் அவருக்கு ஏற்பட்ட பட்டம் அது. 1820-களில் தென்னாப்பிரிக்காவின் உட்பிரதேசம் முழுவதும் யுத்தமும் பஞ்சமும் தலைவிரித்தாடின. பசியின் கொடுமையால் மனிதர் மனிதரைத் தின்னும் கூட்டங்களும் தோன்றின. அக்காலத்தில், 1824-ல், மொஷ்வெஷ்வே தம்மைச் சேர்ந்தவர்களோடு தபா போஸியு என்ற தட்டையான மலையின்மேல் ஏறிக் குடியமர்ந்தார். 'இரவு மலை' என்பது அதன் பொருள். இரவில் அம்மலை எதிரிகளுக்கு எட்டாதபடி வளர்ந்துவிடும் என்று ஜனங்கள் சொல்வார்கள். வளர்ந்ததோ இல்லையோ, எவரும் அதைப் பலாத்காரத்தால் பிடித்ததில்லை. மன்னருடைய பாட்டனாரைத் தின்ற கூட்டத்தார் பிற்பாடு அவர் கையில் சிக்கியபோது, "இவர்கள் என் பாட்டனாரின் சமாதி அல்லவா? சமாதியை இடிக்கலாமா?" என்ற கருத்தால் அவர்களைக் கொல்லாமல் விட்டுக் குடியமர்த்தினார் என்ற வரலாறு இன்றும் வழங்குகிறது. வெள்ளைக் குடியேறிகளோடு நடந்த போர்களில் மேற்கிலிருந்த நல்ல விளைநிலங்கள் போயின. எஞ்சியதைக் காப்பாற்ற 1868-ல் மன்னர் பிரிட்டிஷ் பாதுகாப்பை ஏற்றார். 1966 அக்டோபர் 4-ந் தேதி நாடு மீண்டும் சுதந்திரம் பெற்றது.

விளைநிலம் போனதன் பலனைப் பேரப்பிள்ளைகள் அனுபவித்தார்கள். ஆண்மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களுக்குப் போய், அங்கிருந்து அனுப்பிய பணத்தில் குடும்பங்கள் ஜீவித்தன. 1990-களிலிருந்து அந்த வேலையும் குறையலாயிற்று. ஆகவே, தங்கள் மலைகளையும் வழக்கங்களையும் பார்க்க வரும் பிரயாணிகளிடமிருந்து கொஞ்சம் சம்பாதிக்கலாமே என்று கிராமங்கள் எண்ணுவதில் ஆச்சரியமில்லை. வரும் காசு யாருடைய மடியில் விழுகிறது, எதைக் காட்டலாம் எதைக் காட்டலாகாது என்று தீர்மானிப்பவர் யார் என்பவையே கேள்வி.

மலேயாலேயா என்ற ஊரில் இதற்கு ஒருவித விடை கிடைத்திருக்கிறது. அங்கே பிரயாணிகள் தங்கும் விடுதி ஒன்றுண்டு. ஆனால் அவர்கள் சவாரி செய்யும் குதிரைகள் விடுதிக்காரருடையவை அல்ல, கிராமத்தாருடையவை. குதிரைக்காரர் வழிகாட்டியாகக் கூடவே வருகிறார். இரவு தங்குவது அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு குடியானவரின் வட்டக் குடிசையில். வாடகை அந்த வீட்டாருக்கு. மாலையில் கிராமத்துப் பாடகர் குழாம் பாடும். தகர டப்பாவையும் கம்பியையும் கொண்டு தாங்களே செய்த வாத்தியங்களை வாலிபர்கள் வாசிப்பார்கள். மலெட்ஸுன்யானே நீர்வீழ்ச்சி 192 மீட்டர் ஒரே வீழ்ச்சியாக விழும் ஸெமோன்காங்கிலும் இப்படியே குதிரைச் சவாரி நடக்கிறது. ஸெமோன்காங் என்றால் புகை எழும் இடம். நீர்த்திவலையைத்தான் புகை என்கிறார்கள்.

பஸோதோக் குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை. உருவில் சிறியது, கால் தவறாதது, செங்குத்தான கற்பாதையில் மனிதன் தயங்கும் இடத்தில் அது தயங்காது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்துக்கு நல்ல குதிரைகளைப் பல்லாயிரக்கணக்கில் விலைக்குக் கொடுத்துவிட்டபடியால் அந்த ஜாதி க்ஷீணித்தது. பிரயாணிக்காக வளர்க்கும் குதிரை, கிராமத்தான் மாவு மில்லுக்குச் சோள மூட்டை ஏற்றிப் போகவும் உதவுகிறது. காட்சிக்கென்று மட்டும் வைத்திருக்கும் பொருளுக்கும் வாழ்க்கையில் புழங்கும் பொருளுக்கும் உள்ள பேதம் இங்கே நன்கு விளங்கும்.

அந்தப் பேதம் மிகவும் சங்கடமாகத் தோன்றும் இடம் ஹா கோமே. பெரேயா ஜில்லாவில், முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரும்பாறையின் அடியில், மண்ணும் சாணமும் குழைத்துக் கட்டிய வீடுகள் வரிசையாக இருக்கின்றன. மனிதரைத் தின்போருக்கு அஞ்சி ஒளிந்தவர்கள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியவை அவை. பாறையே கூரையும் பின்சுவருமாகும். அதிசயம் என்னவென்றால், அவர்கள் வழிவந்தவர்கள் இன்னும் அங்கே குடியிருக்கிறார்கள். பார்வையாளர் கட்டணம் செலுத்துகிறார்கள், ஊரார் வழிகாட்டுகிறார்கள். ஆனால், அடுப்பூதும் கிழவியின் வாசலில் தலையைக் குனிந்து உள்ளே எட்டிப் பார்ப்பது மரியாதையா? அவள் சம்மதித்தால் மரியாதை. சம்மதிக்காவிட்டால் அத்துமீறல் என்பதே எம் அபிப்பிராயம். வீடு அவளுடையது, சர்க்காரும் பிரயாணக் கம்பெனியும் எத்தனை பலகை நட்டாலும் அந்த உரிமை மாறாது. அவள் பேரன் நாளைக்குத் தகரக் கூரை போட்ட வீட்டுக்குக் குடிபோக விரும்பினாலும் அவனைத் தடுக்க நமக்கு வழக்கில்லை.

சுவர்களைப் பற்றியும் இதே கவலைதான். பஸோதோ ஸ்திரீகள் ஈரமண் பூசிய சுவரில் விரலாலும் முட்கரண்டியாலும் கோடு கீறி, கட்டம் கட்டமாகப் பூவும் வயலும் வரைவார்கள். 'லிடேமா' என்பது அதன் பெயர். உழுவதைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. ஆண் நிலத்தில் போட்ட சாலைப் பெண் சுவரில் போடுகிறாள் என்று கொள்ளலாம். மழை வந்தால் சித்திரம் கரைந்துவிடும். அதற்காக யாரும் வருந்துவதில்லை; மழை வேண்டியே அதை இடுவதும் உண்டு. தினந்தோறும் அழியும் கோலத்தைப் போடும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதை விளக்க வேண்டாம். ஆனால் சிமெண்டுச் சுவரில் விரல் ஓடாது. கைப்பழக்கம் தாயிடமிருந்து மகளுக்குப் போகாமற்போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றக்கூடிய கலையன்று அது. டெயாடெயானெங் என்ற ஊரில் ஸ்திரீகள் கூட்டுறவாகச் சேர்ந்து ஆட்டு மயிரில் சித்திரக் கம்பளம் நெய்து விற்கிறார்கள். அதில் கலையும் நிலைக்கிறது, பள்ளிக்கூடச் சம்பளமும் கட்டுப்படியாகிறது.

கம்பளியின் கதை வேறு. ஐரோப்பிய வியாபாரிகள் கொண்டுவந்த கம்பளிப் போர்வையை மொஷ்வெஷ்வே 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோல் போர்வைக்குப் பதிலாக ஏற்றார். அதன்பின் பிறப்பு, மணம், மரணம் எல்லாவற்றிலும் அது இடம் பெற்றது. சோளக்கதிர் போட்டது ஒன்று, ஆகாய விமானம் போட்டது ஒன்று என்று பல வகைகள். கோடுகள் நெட்டுக்கு நிற்கும்படி போர்த்தால்தான் வளர்ச்சி உண்டாகுமாம். ஆனால் இந்தத் தேசிய உடையை நெய்யும் ஆலை லெஸோதோவில் இல்லை. எல்லைக்கு அப்பால் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 2017-ல் பாரிஸ் நகரத்துப் பிரபலமான உடைக் கம்பெனி ஒன்று இதே சித்திரங்களைச் சட்டையிலும் போர்வையிலும் போட்டு யானை விலைக்கு விற்றபோது பலர் கோபங்கொண்டார்கள். கோபம் நியாயமே. எனினும், உள்ளூரில் ஒரு தறி ஓடியிருந்தால் அந்தக் கோபத்துக்கு இன்னும் பலம் இருந்திருக்கும்.

பார்க்க வருவோரால் பாழானதும் உண்டு. ஹா பரோவானா என்ற பாறை நிழலில் ஸான் என்னும் வேட்டுவ ஜனங்கள் தீட்டிய பழைய ஓவியங்கள் இருக்கின்றன. படம் பிடித்தால் நிறம் பளிச்சென்று தெரிய வேண்டுமென்று வந்தவர்கள் தண்ணீரை வாரியடித்து அவற்றை மங்கச் செய்துவிட்டார்கள். அருகில் காவலுக்கு ஊரார் ஒருவரை நிறுத்தி அவருக்குக் கூலி கொடுக்க ஆகும் செலவு எவ்வளவு? இதற்கு நேர்மாறாக, மெடோலாங் அணை கட்டப்பட்ட காலத்தில், நீரில் மூழ்கவிருந்த பள்ளத்தாக்கை 2008 முதல் 2012 வரை ஆராய்ந்தவர்கள், அவ்வட்டாரத்து ஜனங்களையே அகழ்வுத் தொழிலில் பயிற்றினார்கள்.

எழுத்துச் செல்வத்துக்கு மொரீஜா. 1833-ல் வந்த பிரெஞ்சுப் பாதிரிமார் நிறுவிய ஊர் அது. 1863-ல் அங்கே 'லெஸெலின்யானா' என்ற ஸெஸோதோப் பத்திரிகை தொடங்கிற்று; தாமஸ் மொஃபோலோவின் 'சாகா' நாவல் அங்கேயே 1925-ல் அச்சாயிற்று. அங்குள்ள காட்சிசாலையும் ஏட்டுச்சாலையும் பழைய காகிதங்களைப் பேணுகின்றன. 1999-ல் ஒரு கலைவிழாவும் ஆரம்பமாயிற்று. விழாவில் ஆட்டமும் பாட்டும் உண்டு. ஆனால் வாலிபருக்குச் செய்யும் தீட்சைச் சடங்கு, மலையில் மறைவாக, அந்நியர் கண்ணில் படாமல் நடப்பது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது காட்சிப் பொருளாகலாகாது என்று நினைப்பவர்கள் நாட்டில் அநேகர்.

2020-ல் கொள்ளைநோய் பரவி எல்லைகள் மூடப்பட்டபோது பிரயாணிகள் வருவது அடியோடு நின்றது. விடுதிகளின் கதவு சாத்தியது. குதிரைகளோ மாவு மில்லுக்கு மூட்டை சுமந்துகொண்டிருந்தன.