வாய்க்காலின் இரு கரைகள்

பழம்பெரும் நகரைக் காணச் செல்வோர், அதனைக் கட்டியவர் யாவர் என்னும் வினாவோடு செல்லுதல் நன்று. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநகரான குஸ்கோ, இன்காப் பேரரசின் தலைநகராக விளங்கியது. 1533இல் அதனைக் கைப்பற்றிய ஸ்பானியர், அங்கிருந்த கதிரவன் கோயிலின் சுவர்கள்மீதே தம் தேவாலயத்தை எழுப்பினர். 1950ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தேவாலயம் பெரிதும் சிதைந்தது. அடியிலிருந்த இன்காக் கற்சுவர்களோ நிலைத்து நின்றன. நகரை ஆண்டவர் வேறு, அதற்கு அடித்தளம் இட்டவர் வேறு என்பதற்கு இது தக்க சான்று.

இவ்வுண்மையைக் காண நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. கனகசெட்டிக்குளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே செல்வோமாயின், காலாப்பட்டுக்குப்பின் தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்து, கோட்டக்குப்பத்தைக் கடந்து, மீண்டும் புதுச்சேரி மண்ணை மிதிக்கிறோம். பிரெஞ்சு ஆட்சிப்பகுதி துண்டு துண்டாக அமைந்திருந்ததன் எச்சம் இது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிய பின்னும் அவ்வெல்லைகள் மாறவில்லை.

1674இல் பிரெஞ்சுக்காரர் இங்குக் காலூன்றினர். 1693இல் நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் நேர்கோட்டு வீதிகளுக்குத் திட்டம் வகுத்தனர். 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். பின்னர்ப் பழைய வீதியமைப்பின்மீதே நகர் மீண்டும் எழுந்தது.

நகரின் நடுவே ஓடும் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகர். மேற்கே தமிழர் நகர். கீழ்க்கரை வீடுகள் உயர்ந்த மதிலுக்குள் தோட்டத்தை மறைத்து வைத்துள்ளன. மேல்கரை வீடுகளோ தாழ்வாரமும் திண்ணையுமாகத் தெருவை நோக்கி நிற்கின்றன. வழிப்போக்கனுக்கும் அங்கே நிழல் உண்டு. கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்த வீடுகள், இரு கரையும் கலந்ததைக் காட்டுகின்றன. நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். தெற்கே முல்லா வீதியையும் குத்பா பள்ளிவாசலையும் காணாதவர், நகரை முழுமையாகக் கண்டவர் ஆகார்.

ஆயினும் பயணியர் பலர் கடற்கரையையும் மஞ்சள் சுவர்களையும் கண்டு, வாய்க்காலைத் தாண்டாமலே திரும்பிவிடுகின்றனர். இதற்கிடையே மேல்கரை வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டு, கான்கிரீட் கட்டடங்கள் எழுகின்றன. வரிசையில் ஒரு திண்ணை மறையின், தொடர்ந்து வந்த தாழ்வார நிழல் அறுந்துவிடுகிறது. வைசியாள் வீதியில் வீடுகளின் முகப்புகள் வரிசையாகச் சீரமைக்கப்பட்டமை, மனம் வைத்தால் காக்கவும் இயலும் என்பதைக் காட்டுகிறது.

கடற்கரையோரம் இருந்த மேரி கட்டடம் 2014இல் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே கட்டப்பெற்று 2021இல் திறக்கப்பட்டது. அரசுக் கட்டடத்தை அரசு எழுப்பிற்று. ஒரு குடும்பத்தின் திண்ணையை மீண்டும் எழுப்புவார் யார்?

மாணவ நண்பர்களே! அடுத்தமுறை புதுச்சேரி செல்லும்போது வாய்க்காலைத் தாண்டி நடந்து பாருங்கள். எஞ்சியுள்ள வீடு ஒன்றின் முற்றத்தையும் தூணையும் அளந்து, வரைந்து, முதியோரிடம் அதன் வரலாற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். நம் முன்னோர் வாழ்ந்த நகரைக் காக்கும் பணி அங்கிருந்தே தொடங்கட்டும்.